லூபஸ் உள்ளவர்களுக்கு மாதக் கூட்டம்: யார் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது?

செல்வி_சாட்ஸ்வர்த்

அனைவருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். 2013ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் எனக்கு லூபஸ் நோய் (நம் எதிர்ப்புச் சக்தியே நம் உடலைத் தாக்கும் நோய்) இருப்பதாகச் சொன்னார்கள். அப்போது எனக்கு வயது 23. சொன்ன மருத்துவர் கனிவானவர்தான். ஆனால் வெளியே தாழ்வாரத்தில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். நான்கு நிமிடங்களுக்குள் நோயின் பெயரையும் மாத்திரைகளின் பெயரையும் சொல்லி, மூன்று மாதம் கழித்து வருமாறு கூறி அனுப்பிவிட்டார். வெயிலில் நிற்கக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை.

அந்த மாதக் கடைசியில் தைப்பூசம். அண்ணன் எடுத்த காவடிக்குப் பின்னால் பால்குடம் ஏந்தி, காலை முதல் பிற்பகல் வரை டர்பன் வெயிலில் வெறுங்காலோடு நடந்தேன். பத்தே நாளில் இரண்டு கன்னங்களும் சிவந்து தடித்தன, விரல்களை மடக்க முடியவில்லை, கணுக்கால்கள் வீங்கின. மறுபடியும் மருத்துவமனையில் சேர்த்தபோது சிறுநீரில் புரதம் போவதாகச் சொன்னார்கள். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் லூபஸைத் தூண்டிவிடும் என்பதைப் பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒரு ஜூலு அம்மாவிடமிருந்துதான் முதன்முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவருக்கும் இதே நோய். முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, மேகமூட்டமான நாளிலும் சன்ஸ்கிரீன், பேருந்தில் சன்னலோர இருக்கையைத் தவிர்ப்பது (அந்தக் கதிர்களில் ஒரு வகை கண்ணாடியையும் கடந்து வரும்) என்று இரண்டு இரவுகளில் அவர் கற்றுத் தந்தவை இன்றுவரை என்னைக் காக்கின்றன.

இப்போது சாட்ஸ்வர்த்தில் லூபஸ் உள்ளவர்களுக்காக மாதம் ஒரு சனிக்கிழமை கூட்டம் நடத்த விரும்புகிறேன். கோயில் மண்டபத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு மருத்துவரை அழைத்துப் பேசச் செய்யலாம் என்பது என் முதல் எண்ணம். அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற_தாதி (பீனிக்ஸ்)

தங்கை செல்விக்கு வணக்கம். 31 ஆண்டுகள் பொது மருத்துவப் பிரிவில் பணியாற்றியவள் என்ற முறையில் ஒன்றைத் தயங்காமல் சொல்கிறேன்: மருத்துவரை மட்டும் நம்பிக் கூட்டத்தை அமைக்காதீர்கள். மருத்துவர் வரட்டும், ஆண்டுக்கு இரண்டு முறை வரட்டும். மற்ற மாதங்களில் நோயோடு வாழ்பவர்களே பேச வேண்டும். உங்களுக்கு வெயிலைப் பற்றிச் சொன்னவர் யார் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இதற்கு முன்மாதிரி தேடிக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. 1998 டிசம்பர் 10ஆம் தேதி கேப் டவுனில் தொடங்கிய ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின் இயக்கம், எச்.ஐ.வி. மருந்துக்காக நீதிமன்றம் ஏறியதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அது நடத்திய சிகிச்சைக் கல்வியை மறந்துவிட்டோம். பள்ளிப் படிப்பை முடிக்காத பெண்கள்கூட எச்.ஐ.வி. கிருமி உடலில் எப்படிப் பெருகுகிறது, எந்த மாத்திரை எந்த இடத்தில் அதைத் தடுக்கிறது, இரத்தப் பரிசோதனையில் வரும் எண்ணுக்கு என்ன பொருள் என்று கிளினிக் வாசலில் நின்று மற்றவர்களுக்கு விளக்கினார்கள். பிறகு 2007இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கேப் டவுன் பக்கம் உள்ள காயெலிட்ஷாவில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காக மருந்துக் குழுக்களைத் தொடங்கியது. நோய் கட்டுக்குள் இருக்கும் 25 அல்லது 30 பேர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர் ஒருவர் எடை பார்ப்பார், உடல்நிலையை விசாரிப்பார், முன்பே பெயரிட்டுக் கட்டிவைத்த மாத்திரைப் பொட்டலங்களைக் கொடுப்பார். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நாள் முழுவதும் வரிசையில் நின்று சம்பளத்தை இழந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைத் தாழ்வாரங்களில் நின்றவர்கள் அறிவார்கள்.

லூபஸுக்கு அத்தகைய குழு நம் பக்கத்தில் இருந்ததை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. நோயாளிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் இந்த நோய் எவர் கண்ணிலும் படுவதில்லை. பாதிக்கப்படுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்; பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். நம்மைப் போன்ற ஆசிய வம்சாவளியினரிடமும் ஆப்பிரிக்கரிடமும் வெள்ளையரைவிட இது கூடுதலாக வருகிறது, சிறுநீரகத்தையும் கடுமையாகத் தாக்குகிறது. ஆகவே நம் கூட்டத்தில் எதைக் கற்பிக்காவிட்டாலும் சிறுநீரைப் பற்றிக் கற்பித்தே ஆக வேண்டும். லூபஸ் உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்குச் சிறுநீரக அழற்சி வருகிறது. தொடக்கத்தில் வலி இருக்காது. சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்பது, காலையில் கண்ணிமை உப்புவது, மாலையில் செருப்பு இறுகுவது, இரத்த அழுத்தம் ஏறுவது ஆகியவைதான் அடையாளங்கள். அவைகூட இல்லாமலும் இருக்கலாம். கிளினிக்கில் ஒரு சிறு குப்பியில் சிறுநீர் பிடித்து, அதில் பட்டையை நனைத்து நிறம் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கூட்டம் அதிகமான நாளில் அதைத் தவறவிட்டுவிடுவார்கள். 'என் சிறுநீரைப் பார்த்தீர்களா?' என்று வெட்கப்படாமல் கேட்கும் துணிவை ஒருத்திக்குக் கொடுத்துவிட்டால், அந்தச் சனிக்கிழமை வீணாகவில்லை என்று நான் கருதுவேன்.

வெருலம்_கணவன்

அக்கா இருவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு ஆறு ஆண்டுகளாக லூபஸ் இருக்கிறது. நீங்கள் இருவரும் நோயாளியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வீட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியதும் அவள் முகம் வட்டமாக உப்பியது, எடை கூடியது. என் அம்மா அதைக் கண்டு பயந்து, அந்த மாத்திரைதான் மருமகளைக் கெடுக்கிறது என்று முடிவு செய்து, அரிசிப் பானைக்குப் பின்னால் புட்டியை ஒளித்துவைத்துவிட்டார். அன்பினால் செய்தார், அதில் எனக்கு ஐயமில்லை. மூன்றாம் நாள் என் மனைவி குளியலறையில் மயங்கி விழுந்தாள். ஸ்டீராய்டு மாத்திரையைப் பல வாரங்கள் சாப்பிட்ட உடல் தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துவிடும் என்பதும், அதனால் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதும், மருத்துவர் சொன்னபடி சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும் என்பதும் அவசரப் பிரிவில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுக்கு முடி கொட்டியது, இளைத்தாள், அடிக்கடி கிளினிக் போனாள். தெருவில் வேறு நோயின் பெயரைச் சொல்லிக் கிசுகிசுத்தார்கள். லூபஸ் தொற்றாது, தன்னுடைய எதிர்ப்புச் சக்தியே தன்னுடலைத் தாக்குவதால் வருவது என்று நான் வீடுவீடாகப் போய்ச் சொல்ல முடியுமா? அது தொற்று நோயாகவே இருந்தாலும் அப்படிப் பேசுவது முறையில்லை என்பது வேறு. அதனால் கேட்கிறேன்: கூட்டத்துக்குக் குடும்பத்தாரையும் அழைப்பீர்களா?

செல்வி_சாட்ஸ்வர்த்

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் என் திட்டத்தையே மாற்றிவிட்டேன். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வர வேண்டும் என்று அழைப்பிலேயே எழுதப்போகிறேன். ஆனாலும் ஒரு தயக்கம். மாமியாரும் கணவரும் அருகில் அமர்ந்திருக்கும்போது களைப்பைப் பற்றியும் தாம்பத்தியத்தைப் பற்றியும் ஒரு பெண் வாய் திறப்பாளா?

ஓய்வுபெற்ற_தாதி (பீனிக்ஸ்)

திறக்க மாட்டாள். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து இருக்கட்டும். பிறகு தேநீர் நேரத்தில் குடும்பத்தாரைத் தனி அறைக்கு அழைத்துச் செல்ல ஒருவர் பொறுப்பேற்கட்டும்.

மருந்தாளுநர்_பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வணக்கம். மருந்துக்கடை முகப்பில் நின்று நான் காண்பதைச் சொல்கிறேன். லூபஸ் சிகிச்சையின் அடித்தளம் ஹைட்ராக்சிகுளோரோகுயின். தடை ஏதும் இல்லாத எல்லா லூபஸ் நோயாளிகளுக்கும் அதைக் கொடுக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு. ஆனால் அதைப் பாதியில் கைவிடுபவர்கள் மிகப் பலர். காரணம் எளியது: அந்த மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று மாதங்கள் ஆகும் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. முதல் மாதம் சாப்பிட்டுப் பயன் தெரியாததால் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தியதும் பல நேரங்களில் நோய் தலைதூக்குகிறது.

அளவிலும் குழப்பம் வரும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம். மாத்திரையோ 200 மில்லிகிராம். அதனால் ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று எழுதித் தருவார்கள். நேற்று ஒன்றா இரண்டா என்று யாருக்கு நினைவிருக்கும்? என் வாடிக்கையாளரான ஒரு பாட்டி சமையலறை நாட்காட்டியில் ஒன்றுக்கு ஒரு குங்குமப் பொட்டு, இரண்டுக்கு இரண்டு பொட்டு வைக்கிறார். அதைவிடச் சிறந்த முறையை நான் கண்டதில்லை. கூட்டத்துக்கு வரும் எல்லோரும் தங்கள் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரட்டும். ஒவ்வொன்றையும் எடுத்து 'இது எதற்கு?' என்று கேளுங்கள். பாதிப் பேருக்காவது ஏதாவது ஒரு மாத்திரைக்குப் பதில் தெரியாது. பாடம் அங்கிருந்து தொடங்கலாம்.

கண் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள். மருந்து தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒருமுறை, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு முன்னதாகவே தேவைப்படும். ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்குப் பதிலாகக் குளோரோகுயின் என்ற பழைய மருந்தைச் சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கண்ணுக்கு அதனால் ஆபத்து அதிகம்.

மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். மருத்துவத் திட்டங்கள் கட்டாயமாகச் செலவை ஏற்க வேண்டிய நீண்டகால நோய்களின் பட்டியலில் லூபஸ் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை மருத்துவர் நிரப்பிப் பதிவு செய்தால்தான் அந்த உரிமை கைக்கு வரும். அது தெரியாமல், மருத்துவத் திட்டத்தில் ஆண்டுக்கென ஒதுக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்து மருந்து வாங்கி, ஆகஸ்டு மாதத்திலேயே பணம் தீர்ந்து நிற்பவர்களைப் பார்க்கிறேன்.

டோங்காட்_ஆசிரியர்

அன்பர்களுக்கு வணக்கம். நான் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துபவன். என் தங்கை மகளுக்கு இந்த நோய் இருப்பதால் இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் புரிந்துகொள்வார்கள். ஆனால் வீட்டில் சமையலையும் விரதத்தையும் மருந்தையும் முடிவு செய்யும் பாட்டிமார்களுக்குத் தமிழில் சொன்னால்தான் மனத்தில் தங்கும். ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதத் தொடங்கினேன், சொற்களில் சிக்கிக்கொண்டேன். அமைதியாக இருந்த நோய் திடீரென மூள்வதற்கு அகராதிச் சொல் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. மருந்தாளுநர் தம்பி போகிறபோக்கில் 'நோய் தலைதூக்குகிறது' என்று எழுதியிருக்கிறார், அதையே எடுத்துக்கொள்கிறேன். 'அழற்சி' என்றால் பாட்டிக்குப் புரியாது, 'வீக்கம்' என்றால் தவறாகப் புரியும். 'உள்ளே கனன்றுகொண்டிருப்பது' என்று எழுதலாமா?

மண்டபத்தைப் பற்றியும் ஒரு சொல். கோயில் மண்டபமே சிறந்தது. பாட்டிமார்கள் நூலகத்துக்கு வர மாட்டார்கள், கோயிலுக்கு வருவார்கள்.

செல்வி_சாட்ஸ்வர்த்

ஐயா, 'உள்ளே கனன்றுகொண்டிருப்பது' என்பது என் உடம்புக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. காய்ச்சல்மானியில் தெரியாது, உள்ளே கனன்றுகொண்டேயிருக்கும்.

மண்டப விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. எனக்குக் கற்றுத்தந்த அந்த ஜூலு அம்மா இந்தக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன். எங்கள் தெருவில் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கும், அடுத்த தெருவில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கும் லூபஸ் இருக்கிறது. எல்லோரும் கூச்சமின்றி நுழையும் இடம் பொது மண்டபம்தான்.

டோங்காட்_ஆசிரியர்

உங்கள் வாதத்தை ஏற்கிறேன், செல்வி. ஆனால் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கோயிலில் கூடும் பாட்டிமார்களுக்காக, கூழ் ஆறும் நேரத்தில் பத்து நிமிடம் பேச அனுமதி கேட்கப்போகிறேன். இரண்டும் நடக்கட்டும்.

லெனேசியா_தாய்

வணக்கம். நாங்கள் ஜோஹனஸ்பர்க் பக்கம் இருப்பதால் உங்கள் மண்டபத்துக்கு வர முடியாது. என் மகளுக்கு 16 வயது. சென்ற ஆண்டு நோயைக் கண்டுபிடித்தார்கள். பள்ளி விளையாட்டு விழாவில் கூரையில்லாத இருக்கையில் தோழிகளோடு உட்கார முடியவில்லை என்று அழுகிறாள். தன் வயதில் லூபஸ் உள்ள இன்னொரு பெண்ணை அவள் இதுவரை பார்த்ததில்லை. தொலைவில் இருப்பவர்களுக்கு ஏதாவது வழி உண்டா? மருத்துவர் அவளுக்கு மைக்கோஃபீனலேட் என்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடங்கியபோது கர்ப்பத்தடை பற்றிப் பேச வேண்டும் என்றார். நான் வெட்கப்பட்டு அவளை வெளியே அனுப்பிவிட்டேன். அது சரியா என்று இன்றுவரை மனம் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற_தாதி (பீனிக்ஸ்)

அம்மா, உங்கள் உறுத்தல் நியாயமானது. அடுத்த முறை மகளை உள்ளே வைத்துக்கொண்டே பேசுங்கள். மைக்கோஃபீனலேட் கருவில் இருக்கும் குழந்தைக்கு ஊனம் ஏற்படுத்தக்கூடிய மருந்து. அவளுக்கு இன்று அந்தப் பேச்சு தேவையில்லாமல் இருக்கலாம். இன்னும் சில ஆண்டுகளில் தேவைப்படும்போது நீங்கள் அருகில் இல்லாமலும் இருக்கலாம். கூடவே நல்ல செய்தியையும் சொல்லுங்கள்: லூபஸ் உள்ள பெண்கள் குழந்தை பெறுகிறார்கள். நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும், கருவுக்குத் தீங்கு செய்யாத மருந்துகளுக்கு முன்கூட்டியே மாற வேண்டும், ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்பகாலத்திலும் தொடர வேண்டும். முன்பே தெரிந்திருந்தால் திட்டமிடலாம். அப்படித் தெரியாமல் வந்த இளம்பெண்களை வார்டில் பார்த்திருக்கிறேன். அந்த முகங்களை மறக்க முடியவில்லை.

தொலைவில் இருப்பவர்களுக்கு வழி உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினாவில், நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்த கறுப்பினப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, புதிதாக நோய் வந்த பெண்களோடு 12 வாரங்கள் தொலைபேசியில் பேசச் செய்தார்கள். நம்மிடமும் வாட்ஸ்அப் இருக்கிறது. செல்வி உங்கள் மகளோடு பேசினால் என்ன?

செல்வி_சாட்ஸ்வர்த்

மனமார ஒப்புக்கொள்கிறேன். தனி மடலில் தொடர்பு கொள்ளுங்கள் அம்மா. ஞாயிறு மாலை எனக்கு வசதி.

ஓய்வுபெற்ற_தாதி (பீனிக்ஸ்)

கூட்டத்தின் உள்ளடக்கம் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் அம்மையார் நீண்டகால நோயாளிகளுக்காக உருவாக்கிய பயிற்சியில் வாரம் இரண்டரை மணி நேரம் வீதம் ஆறு வாரங்கள் வகுப்பு நடக்கும். நடத்தும் இருவரில் ஒருவராவது நோயோடு வாழ்பவராக இருப்பார். அட்லாண்டாவில் லூபஸ் உள்ள கறுப்பினப் பெண்களுக்கும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதன் உயிர்நாடி, ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவரும் தாங்களே விரும்பிப் போடும் சிறு திட்டம். 'உடற்பயிற்சி செய்வேன்' என்று சொன்னால் ஏற்க மாட்டார்கள். எதை, எவ்வளவு, எப்போது, வாரத்தில் எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். பிறகு பூச்சியத்திலிருந்து பத்து வரை எவ்வளவு நம்பிக்கை என்று கேட்பார்கள். ஏழுக்குக் கீழே இருந்தால் திட்டத்தைச் சிறிதாக்குவார்கள். 'செவ்வாய், வியாழன், சனி மாலை சூரியன் சாய்ந்தபின் மூலைக்கடை வரை நடந்து திரும்புவேன், நம்பிக்கை எட்டு.' இப்படி. அடுத்த வாரம் என்ன நடந்தது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும்; நடக்காவிட்டால் திட்டக் கூடாது, எது தடுத்தது என்று சேர்ந்து யோசிக்க வேண்டும். களைப்பு லூபஸின் மிகப் பெரிய துன்பம். அதற்கென்று ஒரு மாத்திரை இல்லை. இத்தகைய சிறு திட்டங்கள்தான் கைகொடுக்கின்றன.

காசநோயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளும் சாப்பிடுபவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல், நம் நாட்டில் அந்த நோயும் அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, இரவில் வியர்வையோ, காரணமில்லாத காய்ச்சலோ இருந்தால் லூபஸ்தான் என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

மருந்தாளுநர்_பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஒரு எச்சரிக்கை. கூட்டம் நடத்துவது தெரிந்தால் 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' பொடிகளையும் சாறுகளையும் விற்பவர்கள் தேநீர்ச் செலவை ஏற்பதாகச் சொல்லி வருவார்கள். மறுத்துவிடுங்கள். லூபஸில் எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே அளவு மீறித் தன்னுடலையே தாக்குகிறது. அதை மேலும் தூண்டுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். எக்கினேசியா என்ற மூலிகையையும் அல்ஃபால்ஃபா முளையையும் லூபஸ் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்பது நெடுநாளைய அறிவுரை.

செல்வி_சாட்ஸ்வர்த்

எல்லோருக்கும் நன்றி. முதல் கூட்டம் பொது மண்டபத்தில், அடுத்த மாத இரண்டாவது சனிக்கிழமை, பிற்பகல் 3 மணி. வெயில் விழும் சன்னல் பக்கம் நாற்காலி போட மாட்டோம். மாத்திரைப் பையையும் வீட்டாரில் ஒருவரையும் கூட்டி வாருங்கள். பேச்சு ஆங்கிலத்திலும் தமிழிலும் இருக்கும். ஜூலுவில் சொல்ல அந்த அம்மாவைக் கேட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓர் உதவி வேண்டும். மண்டபத்தின் தேநீர்க் கொதிகலன் கனமானது. என் மணிக்கட்டுகளால் அதைத் தூக்க முடியாது. யாராவது அரை மணி நேரம் முன்னதாக வர முடியுமா?

வெருலம்_கணவன்

நான் வருகிறேன் அக்கா. மனைவியும் வருகிறாள். அம்மாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். மாத்திரைப் புட்டிப் பகுதி வந்தபோது எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் தாமே வந்து, தானும் வருவதாகச் சொன்னார். கடைசி வரிசையில்தான் உட்காருவாராம். ஒரு கேள்வியை மட்டும் முன்கூட்டியே எழுதச் சொன்னார்: சிறுநீரகத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்கிறார்களே, அவர் கையால் போட்ட மாங்காய் ஊறுகாயை மருமகள் அடியோடு விட வேண்டுமா?

ஓய்வுபெற்ற_தாதி (பீனிக்ஸ்)

அடியோடு வேண்டாம், எவ்வளவு என்பது அவளுடைய இரத்த அழுத்தத்தையும் சிறுநீர்ப் பரிசோதனையையும் பொறுத்தது. கிளினிக் அட்டையையும் அந்த ஊறுகாய்ச் சாடியையும் கொண்டுவரச் சொல்லுங்கள் தம்பி. கரண்டியால் அளந்து, அதையே முதல் பாடமாக வைத்துக்கொள்கிறேன்.